சப்பாத்துக்குள் வைத்த சீட்டு

உள்ளங்கால் சுடும்போதெல்லாம் எனக்கு மதுரை நினைவுக்கு வருகிறது. பத்து வயதில், பள்ளி விடுமுறையில், அப்பா அம்மாவோடு பினாங்கிலிருந்து மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது, நடுப்பகல் வெயிலில் காய்ந்த கருங்கல் என் காலில் போட்ட சூடு அது. இன்னும் ஆறவில்லை என்றால் மிகையென்பீர்கள். கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அப்போது பாயான் பாருவில் அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். அடுத்த கதவு சரசு அக்கா; பக்கத்துக் "கிலாங்"கில், அதாவது மின்னணுத் தொழிற்சாலையில், வேலை. அவருடைய மகன் குமரனுக்கு நான்கு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. நாங்கள் இந்தியா கிளம்புகிறோம் என்றதும் அந்தத் தளத்தில் பலரும் குங்குமம் கேட்டார்கள். அக்கா மட்டும் என் கையில் ஒரு சீட்டைத் திணித்தார். அதில் குமரனின் பெயரும் நட்சத்திரமும் இருந்தன.

"மீனாட்சிகிட்ட இவன் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணச் சொல்லு பாப்பா. உங்கம்மா ஆயிரம் வேலையில மறந்துருவாங்க. நீ மறக்க மாட்டே லா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மதுரையில் கோயிலுக்குக் கிளம்பிய அன்று, கவுனில் பை இல்லாததால், எங்கே வைத்தால் தொலையாது என்று யோசித்து, சீட்டை மடித்துக் காலுறைக்குள் செருகி, மேலே "சப்பாத்து" மாட்டிக்கொண்டேன். சப்பாத்தைக் கழற்றாமல் எந்தக் கோயிலுக்குள்ளும் போக முடியாது என்பது, வாரம் தவறாமல் கோயிலுக்குப் போன எனக்குத் தோன்றவே இல்லை. கோபுர வாசலில் அம்மா அவசரமாகக் காலுறையோடு சேர்த்து உருவி, செருப்பு வைக்கும் இடத்தில் கொடுத்துவிட்டார். நான் அண்ணாந்து கோபுரத்துப் பொம்மைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வரிசையில் நின்று நின்று சந்நிதிக்குப் போய், பட்டர் எங்கள் பெயர்களையும் நட்சத்திரங்களையும் கேட்டபோதுதான் சீட்டு சப்பாத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டது எனக்கு உறைத்தது. குமரன் என்ற பெயரையாவது சொல்லியிருக்கலாம். பேச்சு வராத பிள்ளைக்காக வந்தவள், அப்பா திட்டுவாரே என்று பேசாமல் நின்றேன். வெளியே போனதும் சீட்டை எடுத்துக்கொள்ளலாம், அழுதாவது இவர்களைத் திரும்ப அழைத்து வரலாம் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு ஒரே வாசல். இங்கே திசைக்கொரு கோபுரம்; நாங்கள் வேறு வாசலில் வந்து விழுந்தோம்.

"எந்தக் கோபுரம்னு பாத்து வைக்கலையா?" என்றார் அம்மா.

"எல்லாம் ஒரே மாதிரில இருக்கு" என்று அப்பா முணுமுணுத்தார்.

சுடும் கல்லில் துள்ளித் துள்ளி மதிலைச் சுற்றி வந்து சேர்ந்தபோது நடை சாத்திவிட்டார்கள். சீட்டு காலுறைக்குள் பத்திரமாக இருந்தது. அன்று பிற்பகலே நாங்கள் ஊர் திரும்ப வேண்டியிருந்தது.

வீட்டுக் கதவைத் திறப்பதற்குள் அக்கா ஓடி வந்தார். "பண்ணியாச்சா பாப்பா?"

"பண்ணியாச்சுக்கா" என்று எங்கள் அர்ச்சனைக் குங்குமத்தில் ஒரு பொட்டலத்தை நீட்டினேன். அதைக் குமரன் நெற்றியில் இட்டுவிட்டு அவர் அழுதார்.

குமரனுக்குப் பிறகும் பேச்சு வரவில்லை. சில வருடங்கள் கழித்து அம்மா அக்காவைக் கோயிலுக்குக் கூப்பிட்டபோது, "மீனாட்சி காதுலயே போட்டாச்சு. கேட்டுட்டும் குடுக்கல. இனிமே எதுக்குக்கா?" என்றார். கதவோரம் நின்ற எனக்கு அப்போதும் வாய் வரவில்லை. கேட்கப்படாததைக் கொடுக்கவில்லை என்று மீனாட்சி மேல் பழி. அதைப் போட்டவள் நான்.

சென்ற வருடம் மறுபடி மதுரைக்குப் போனேன். அந்த அடுக்குமாடியில் எங்கள் தளத்தில் இப்போது தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அக்கா குமரனோடு பத்து காவான் என்ற ஊருக்குப் போய்விட்டார். சீட்டு எப்போதோ தொலைந்துவிட்டது.

சந்நிதியில் "குமரன்" என்றேன்.

"நட்சத்திரம்?" என்றார் பட்டர்.

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கைப்பேசியைத்தான் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்களே என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் கிளம்புமுன் ஒரு மாதம் முழுக்க அவருடைய எண் என் கையில்தான் இருந்தது. எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்பாரே என்ற பயம்.

"தெரியலைன்னா சாமி பேருக்கே பண்ணிடட்டுமா?"

தலையாட்டினேன். இந்த முறையும் குமரன் பெயருக்கு அர்ச்சனை நடக்கவில்லை.