பக்கத்துக் கட்டில் பெரியவர்

அப்பாவுக்குத் துணையாக நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெரியவர் வந்தார். மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். எழுபது வயதிருக்கும். பாதமெல்லாம் வெடித்திருந்தது. வயிறு வீங்கி, வாந்தி நிற்காமல், தனியாகவே பஸ் ஏறி வந்திருந்தார். வலி வந்தால் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துச் சுருண்டுகொள்வார், சத்தம் போடமாட்டார்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "வயித்துக்குள்ளயே ஒரு சந்துல குடல் நுழைஞ்சு மாட்டிக்கிச்சு பெரியவரே. வெளியில எதுவும் தெரியாது. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

பெரியவர் பயப்படவில்லை. "அப்போ நெஜமான வலிதானுங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் போனதும் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு வருஷமா வந்து வந்து போவுது தம்பி. வேலைக்குப் போவாம இருக்க நடிக்கிறேன்னு எம் புள்ள சொல்லிட்டான். அவனுக்கு ஒரு போன் போட்டு விஷயத்தச் சொல்லுப்பா."

சொன்னேன். "சரிங்க" என்று மகன் வைத்துவிட்டான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. நான்காம் நாள் அப்பாவைப் பார்க்க வந்த என் சித்தி, போகிறபோக்கில் அவர் கட்டில் அருகே நின்று, "ரொம்ப வலிச்சுதாங்க?" என்று கேட்டாள்.

பெரியவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். நான்கு நாளும் பக்கத்திலேயே இருந்த நான் அதைக் கேட்கவே இல்லை.