அவுட்டானவனை எப்போது கூப்பிடுவீர்கள்?

இன்று திருச்செங்கோட்டில் மகன் வயிற்றுப் பேத்தியின் கபடி ஆட்டம் பார்க்கப் போனேன். பக்கத்து நாற்காலியில் என் அண்ணன். பேச்சு நின்று பல வருடம் ஆகிறது. ஆனால் வேறு இடம் இல்லை.

எதிரணியில் ஒருத்திகூடக் குறையாமல் நிற்கும்போதே எங்கள் பேத்தி துணிந்து கபடி பாடிப் போனாள். மடக்கிவிட்டார்கள். வெளியே போய் உட்கார்ந்தாள். அடுத்துப் போனவள் ஒருத்தியைத் தொட்டுவிட்டு வந்ததும், இவளை மறுபடி உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அண்ணன் கைதட்டினார். “தொழில் பண்றவனுக்கு இந்தத் தைரியம் வேணும் அம்முணி!”

எனக்குப் பொறுக்கவில்லை. அவரும் என் மகனும் பங்காகத்தான் ரிக் வண்டி வைத்துப் போர்க்கிணறு தோண்டினார்கள். மகன் துணிந்து வண்டியை வடக்கே கொண்டுபோனான். அங்கே குழி சரிந்து துளை போடும் ராடெல்லாம் மண்ணுக்குள் மாட்டிக்கொண்டது. திரும்பி வந்தவனைப் பங்கிலிருந்து கழற்றிவிட்டார் அண்ணன்.

“ஏனுங்கண்ணா, இவ அப்பனும் ஒருக்கா அவுட்டானவன்தானுங்க. அவனை எப்ப உள்ள கூப்புடுவீங்க?”

அவர் திரும்பி, உள்ளே வந்து நின்றவளைப் பார்த்தார். பிறகு, “புது வண்டி எடுக்கறோம். அவனையும் பங்குக்கு வரச்சொல்லு” என்றார்.

பஸ் பிடித்து ஓடிவந்து மகனிடம் சொன்னேன். யாருடைய லாரியையோ ஓட்டிவிட்டு வந்து படுத்திருந்தான்.

“வேண்டாமுங்கம்மா. நான் கேட்டுக்கிட்டுத் திரிஞ்சப்ப யாரும் கூப்புடல. இப்ப எனக்குப் பயமா இருக்குது.”

வடக்கே போகத் தயங்காத பையன் இவன்.

அண்ணனை மன்னித்துவிடலாம் என்று பஸ்ஸில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இப்போது அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். சரிதானே, நீங்களே சொல்லுங்கள்.