பன்றி பெருகிய மலை

பத்தாம் தரத்துக்கு உயிரினங்களின் பெருக்கத்தைக் கற்பிக்கும்போது கரும்பலகையில் ஒரு வளைகோடு வரைவேன். முதலில் மெல்ல ஏறும், பிறகு விறுவிறுவென்று உயரும், கடைசியில் மட்டமாகிவிடும். தீனி, இடம், நோய், எதிரி: இந்த நாலும்தான் அந்தக் கோட்டை அடக்கி வைக்கின்றன என்று சொல்வேன். கண்டிப் பிள்ளைகள் அதை எழுதிப் பரீட்சையில் புள்ளி வாங்கிவிடுகிறார்கள். எங்கள் அண்ணன் வீட்டில் அந்தக் கோடு என்ன செய்தது என்று எழுதினால் யாரும் புள்ளி போடமாட்டார்கள்.

அண்ணனும் அண்ணியும் ஹேவாஹெட்டப் பக்கம், நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தார்கள். அண்ணி வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவர். போகும்போது கைக்குழந்தையாக இருந்த மகள், அவர் திரும்பி வந்தபோது அம்மா என்று தெரியாமல் அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். "இனி செத்தாலும் இந்தப் புள்ளய விட்டுட்டுப் போகமாட்டேன்" என்றார் அண்ணி. லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டார். கிழங்கு விளைந்தால் பிள்ளையோடு இருக்கலாம், விளையாவிட்டால் மறுபடி விமானம்.

நிலத்துக்கு மேலே இருந்த தேயிலை மலையை நிர்வாகம் கைவிட்டிருந்தது. செடியைக் கவாத்து வெட்டுவதும் இல்லை, கொழுந்து பறிப்பதும் இல்லை. மானாப்புல் ஆளுயரம் வளர்ந்தது. காட்டுப்பன்றிக்கு அதைவிட நல்ல பிரசவ வார்டு எங்கே கிடைக்கும்? மேலே படுக்கை, கீழே அண்ணியின் கிழங்கு. வயிறு நிறைந்தால் பன்றி இளம் வயதிலேயே குட்டி போடும், நிறையப் போடும். அண்ணி தகரம் தட்டினார், பழைய சேலைகளை வேலியாகக் கட்டினார். காலையில் பார்த்தால் பாத்தி உழுதுபோட்ட மாதிரி கிடக்கும். தோட்டத்தை நடத்தும் துரையிடம் போய் முறையிட்டதற்கு, காட்டு மிருகத்துக்கு நிர்வாகம் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. காட்டை வளர்த்தது யாராம்?

அண்ணன் மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளில் சுருக்கு வைத்தார். எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. பன்றி விழுந்தால் வீட்டுக்கு வீடு பங்கு போகும், பங்கு வாங்கின வாய் வெளியில் பேசாது. ஒன்றிரண்டு பன்றிகள் விழுந்தன. லயமே குழம்பு மணத்தது. பாத்தி மட்டும் முன்போலவே கிடந்தது. செத்த பன்றியின் தீனி மிஞ்சிய பன்றிகளுக்குத்தானே போகும்? கவாத்து வெட்டிய தேயிலை மாதிரி இன்னும் அடர்த்தியாக வந்தன. இதை நான் எடுத்துச் சொன்னேன். "டீச்சர் வந்துட்டாங்க பாடம் நடத்த" என்று அண்ணன் சிரித்தார்.

ஒரு விடிகாலையில் சுருக்கில் கிடந்தது சிறுத்தை. பன்றிக்குட்டிகளைத் தின்று அந்த மலையில் அண்ணிக்கு உண்மையாகவே உதவி செய்துகொண்டிருந்த ஒரே ஜீவன் அதுதான். இடுப்பில் கேபிள் இறுகி, வனவிலங்கு அதிகாரிகள் வருமுன்னே அதன் உயிர் போய்விட்டது. பங்குக்குச் சட்டியோடு வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சுருக்கு வைத்தவர் யாரென்று காட்டிக்கொடுத்ததும் அவர்களில் ஒருவர்தான். அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறுத்தையைக் கொன்றது குற்றம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் மலையைக் காடாக விட்டவர்களைத் தேடி ஒரு ஜீப்பும் வரவில்லை.

எதிரியும் போன பிறகு பன்றிகள் பட்டப்பகலிலேயே வந்தன. அண்ணன் பிணையில் வெளியே வந்தபோது தோண்டி எடுக்க ஒரு கிழங்கும் மிச்சமில்லை. அண்ணி கடவுச்சீட்டைப் புதுப்பித்தார். மகளைக் கண்டியில் என்னிடம் விடுவதென்று முடிவாயிற்று.

அவர் புறப்பட்ட அன்று முச்சக்கரவண்டியில் இறங்கி வந்துகொண்டிருந்தோம். பிள்ளை என் மடியில் தூங்கிவிட்டாள். ஒரு வளைவில் பெண்பன்றியொன்று குட்டிகளோடு பாதையைக் கடந்தது. சாரதி ஹோர்ன் அடித்துப் பார்த்தார். அது அவசரப்படவில்லை. கடைசிக் குட்டி வந்து சேரும்வரை நின்று, பிறகு புல்லுக்குள் போனது. அண்ணி வாய்க்கு வந்தபடி திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"குடுத்து வச்சது, தங்கச்சி" என்றார். "புள்ளைகளோடயே இருக்குது."