அங்கப்பனின் சத்தம் போடாத வண்டி

கோவை உக்கடம் அங்கப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனி ஒன்றுக்கு ஆட்களை ஏற்றி இறக்குவதிலேயே பதினோரு வருஷம் ஓடிவிட்டது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். ஒரே மகள் லோகப்பிரியா மூன்று வருஷத்துக்கு முன் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். "இனி என் ஊட்டு வாசப்படிய மிதிச்சுப்போடாதே" என்று சொன்னார் அங்கப்பன். கோபத்தில் வந்த வார்த்தைதான். திரும்பப் பெற நாக்கு எழவில்லை. மனுஷனிடம் வேறு எதற்குக் குறைச்சல் இருந்தாலும் வீம்புக்குக் குறைச்சலே இல்லை.

ஆனால் பாருங்கள், மகள் குடியிருந்தது கணபதிப் பகுதியில், இவர் தினமும் ஆள் ஏற்றும் தெருவிலேயே. காலை ஆறு ஐம்பதுக்கு இவருடைய டீசல் வண்டி அங்கே நுழையும். சைலன்சரில் ஓட்டை. மாற்றச் சொல்லிச் சொல்லி மெக்கானிக் அலுத்துப்போனார். இவருக்கோ அந்தத் தடதடப்பு காதுக்குப் பழகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டதும் இரண்டாவது மாடிக் கதவு திறக்கும், லோகப்பிரியா துணி காயப்போட வருவாள். கையில் துணி இல்லாத நாளிலும் வருவாள். இவர் தலையைத் தூக்கமாட்டார், ஓரக்கண்ணால் ஒரு பார்வை. அவளும் கூப்பிடமாட்டாள். அப்பனுக்கும் மகளுக்கும் மிஞ்சியிருந்தது அந்த அரை நிமிஷம்தான்.

போன மாதம் காண்ட்ராக்டர் ஐயாசாமி டிரைவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கம்பெனிக்கு இனி கரண்ட் வண்டிதான் வேண்டுமாம், டீசல் வண்டிகளை விற்றுவிட்டு அவருடைய புது வண்டிகளை ஓட்டலாமாம். அங்கப்பனும் விற்றார். புது வண்டியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். கியர் கிடையாது, புகை கிடையாது, முதுகுவலி பாதியாகக் குறைந்தது.

முதல் நாள் கணபதியில் மாடிக் கதவு திறக்கவில்லை. குளிக்கிறாளோ என்னவோ என்று நினைத்தார். மறுநாளும் திறக்கவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்றார் மனசுக்குள். ஒரு வாரம் ஆனதும், சலித்துப்போய்விட்டாள் என்று முடிவு கட்டினார். வண்டி ஊமையாகிவிட்டது என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவேயில்லை.

முன்பெல்லாம் பதினொன்றுக்கு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கித் தின்று, ஒரு தூக்கம் போட்டு வருவார். இப்போது அந்த நேரம் முழுக்கச் சார்ஜ் போடும் இடத்தில் காவல். வண்டியை விட்டு நகரக்கூடாது என்று உத்தரவு. மற்ற டிரைவர்கள் போனில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அங்கப்பனுக்குப் பேச யாருமில்லை. எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு, திரையில் சார்ஜ் சதவீதம் நாற்பத்தொன்று நாற்பத்திரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். செத்தால்கூடச் சாயங்கால டிரிப்புக்கு வண்டி வராத பிறகுதான் ஊருக்குத் தெரியும் என்று ஒருநாள் தோன்றியது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டு அஃப்தாப் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க பொண்ணு வந்துச்சுங்க. நேத்தும் வந்துச்சு. மத்தியானம் நீங்க ஊட்டுல இருப்பீங்கன்னு நெனச்சு வந்திருக்குது. பூட்டியிருக்கறதப் பாத்துப்போட்டு, அப்பாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களான்னு அழுதுச்சுங்க. அதெல்லாம் இல்ல, காலைல வேலைக்குப் போயிட்டுச் சாயங்காலம் வாராருன்னு சொன்னேன்."

"என்ன சொல்லுச்சுங்க?"

"வண்டிச் சத்தமே கேக்கறதில்லீங்க, அப்போ என்னயப் பாக்கக் கூடாதுன்னு வழிய மாத்திப்போட்டாருங்கன்னு சொல்லீட்டுப் போயிருச்சு. படியில காலே வெக்கலீங்க. டப்பாவ என்ற கையிலதான் குடுத்துச்சு."

உள்ளே அரிசிம்பருப்புச் சாதம். ஆறிக் கட்டியாகியிருந்தது. ஒரு பருக்கை விடாமல் தின்றார். தின்றுகொண்டே அழுதார், பார்க்க ஆளில்லாத வீடுதானே. டப்பாவைக் கழுவித் துடைத்த பிறகுதான் நினைவு வந்தது, வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஒண்டிக்கட்டையின் சமையலறையில் என்ன இருக்கும்? தேடிப்பார்த்ததில் இரண்டு பொள்ளாச்சி அச்சுவெல்லம் கிடைத்தது. உள்ளே போட்டு மூடினார்.

மறுநாள் காலை கணபதியில் ஆள் ஏறின பிறகும் வண்டி நகரவில்லை. பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கம்பெனிப் பெண் அக்ஷிதா விழித்து என்னவென்று கேட்டாள். ரெண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அங்கப்பன் ஹாரனை அழுத்தினார். மாடிக் கதவு திறந்தது. லோகப்பிரியா எட்டிப்பார்த்தாள். அவள் கண் பழைய வண்டியைத் தேடியது. பச்சை நம்பர் பலகை மாட்டிய வண்டி யாருடையதோ என்று விட்டுவிட்டு உள்ளே திரும்பினாள்.

வண்டிக்குள் உட்கார்ந்திருந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்? அங்கப்பன் கதவைத் திறந்து இறங்கினார். மூன்று வருஷத்தில் முதல்தடவையாகத் தலையைத் தூக்கினார்.

"கண்ணு, நான் வழிய மாத்தல. வண்டியத்தான் மாத்திப்போட்டேன்."

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே குனிந்து கேட்டாள், "நான் கீழ வரட்டுங்களாப்பா?"

அங்கப்பன் டப்பாவைத் தூக்கிக் காட்டியபடி நின்றார்.