உப்பளத்துச் சுவர்

சுற்றுலாப் பயணிகளுக்காக எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் ஒரு நீளச் சுவரில் ஓவியம் வரைய என்னை அழைத்தார்கள். சுவர் அரசாங்கத்துடையது, பெயின்ட் செலவு ஒரு ஓட்டலுடையது. மீன் விற்கும் பெண்களை வரைந்தேன்.

"பிரெஞ்சு வீடு ஒண்ணுகூட இல்லியேம்மா?" என்றார் சுற்றுலாத் துறை அதிகாரி. அழித்துவிட்டு வீடுகளை வரைந்தேன்.

"எங்க ஓட்டலும் தெரியணும் மேடம்" என்றார் மேலாளர். அதையும் சேர்த்தேன்.

கடைசி நாள் இருவரும் சேர்ந்து வந்து, யாருடைய சின்னம் மேலே வர வேண்டும் என்று வெகுநேரம் பேசினார்கள். நான் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டையும் ஒரே உயரத்துல போட்டுடுறேன் சார்."

இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். டேப் வைத்து அளந்து போட்டுக் கொடுத்தேன். ஓவியத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் வலியில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.