கதவோடு வந்த தேவ அழைத்தல்

கடன் உள்ளவர்களைத் துறவற மடத்தில் சேர்க்க மாட்டார்கள்; அதனால் கடனை அடைத்து மடத்துக்கு ஆள் அனுப்புவதும் ஒரு வேலைதான். எண்பதுகளில் மலேசியாவின் கோலசிலாங்கூர்ப் பக்கம் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்தவன் நான். வார நாளில் தோட்டப் பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமையில் மாதா கோயில் உதவி நிதியின் செயலாளர். எந்தக் கமிட்டியிலாவது மாட்டிக்கொண்டு விழித்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

திடீர் பக்தி

துறவறம் போக ஆசையிருந்தும் கடன் தடுக்கிறது என்றால் கடனை நிதி அடைக்கும் என்று ஃபாதர் பூசையில் அறிவித்தார். சனங்கள் காதில் பின்பாதி மட்டும் விழுந்தது. அடுத்த ஞாயிறு என் மேசையிலிருந்து மாதா சிலை இருக்கும் கெபி வரைக்கும் வரிசை. இத்தனை பேரைக் கடவுள் ஒரே வாரத்தில் கூப்பிட்டிருந்தால் தோட்டத்தில் வேலைக்கு ஆளே மிஞ்சாது.

வரிசையில் முதல் ஆள் ஒரு லோரி டிரைவர். வயது நாற்பத்தைந்து, நாலு பிள்ளைகள், லோரி மேல் கடன். குருவாகப் போகிறாராம். கல்யாணம் ஆனவர்களைச் சேர்க்க மாட்டார்களே என்றேன். அதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம் என்றார். வீட்டில் கேட்டீர்களா என்றேன்.

"அவதான் சார் பேரு குடுத்துட்டு வாங்கன்னு அனுப்பிச்சா."

ஓடிய டிவிகள்

அந்த வரிசையின் கடைசியில் ஒரே ஓர் உண்மையான ஆள் நின்றாள். ஸ்டெல்லா, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறவள். மடத்தில் முப்பது வயதுக்குள் சேர வேண்டும். அவளுக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. ஜனவரி முதல் திங்கட்கிழமை, கடன் இல்லை என்ற கடிதத்தோடு போய் நிற்க வேண்டும். தவறினால் பிறகு எப்போதும் முடியாது. அவளுக்கு இரண்டு கடன்: சுங்கை பெசார் டவுன் கடையில் தவணைக்கு எடுத்த டிவி, அக்கம்பக்கத்துப் பெண்களோடு போட்ட கூட்டு, அதாவது சீட்டு.

விசாரிக்க நானும் பொருளாளர் சவரிமுத்துவும் மோட்டார் சைக்கிளில் போனோம். சவரிமுத்து தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பை. அவரைப் பார்த்ததும் லயத்து வீடுகள் எல்லாமே, டிவியைத் தூக்கிப் போகத் தவணைக் கடைக்காரர்கள் வந்துவிட்டதாக முடிவு கட்டியது. முன்கதவுகள் சாத்தப்பட்டன. பின்வாசல் வழியாக ஏழெட்டு டிவிகள் ஆள் தோளில் ஏறிச் செம்பனைக்குள் ஓடின. ஒன்று ஏரியலையும் இழுத்துக்கொண்டே போனது. ஸ்டெல்லா மட்டும் தன் டிவியைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கடனைக் கட்ட வந்தவர்கள் என்று தெரிந்ததும் போன டிவிகள் எல்லாம் அதே வேகத்தில் திரும்பி வந்தன. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் தன்னுடையதை எங்கள் முன்னால் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்.

"இந்த அழைத்தல் எங்களுக்கெல்லாம் வர எத்தனை நாளாகும் கிராணி?"

மூல ஆவணம்

டிவிக் கடனுக்கு ரசீது இருந்தது; அதைப் பார்த்துக் கடையில் கட்டிவிட்டோம். கூட்டுக்குத்தான் இல்லை. பன்னிரண்டு பெண்கள் மாதம் ஐம்பது வெள்ளி போடுவார்கள்; மாதம் ஒருத்தி மொத்தத்தையும் எடுப்பாள். ஸ்டெல்லா தங்கை கல்யாணத்துக்காக முதலிலேயே எடுத்துவிட்டாள். இன்னும் எட்டு மாதம் கட்ட வேண்டும். கணக்கு, கூட்டை நடத்தும் அஞ்சலையம்மாவின் வீட்டுக் கதவில் இருந்தது. பாக்கி மாதத்துக்கு ஒரு கரிக்கோடு. கட்டினால் கோடு அழியும். அழியாத கோடு கடன்.

மூல ஆவணத்தைக் கமிட்டி பார்க்காமல் பணம் தர முடியாது என்றார் சவரிமுத்து. அஞ்சலையம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிகிற நேரம், நாலு பெண்கள் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். சவப்பெட்டி என்று நினைத்து ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். அஞ்சலையம்மா கதவைச் சவரிமுத்துவின் மேசை மேல் கிடத்தினார்.

"நல்லா பாத்துக்குங்க. ராத்திரி நாய் உள்ள வந்துரும், சீக்கிரம் முடிச்சுக் குடுங்க லா."

எட்டுக் கோடு

நானூறு வெள்ளியை எண்ணிக் கொடுத்தோம். அஞ்சலையம்மா கோட்டை அழிக்கக் கையை நீட்டினார். சவரிமுத்து கதவின் மேல் படுக்காத குறையாக மறித்தார். பதிவை அழிக்கக் கூடாது, கதவு ஃபைலோடு இருக்க வேண்டும் என்றார். கோடு நின்றால் கடனும் நிற்கிறது, கடன் இல்லையென்று கடிதம் எழுதக் கூட்டுப் பெண்கள் ஒருவரும் ஒப்ப மாட்டார்கள் என்றார் அஞ்சலையம்மா. நான் சிரிப்பை அடக்க முடியாமல் சன்னல் பக்கம் திரும்பினேன். அங்கே ஸ்டெல்லா தகரப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். மறுநாள்தான் அந்தத் திங்கட்கிழமை. அவள் அந்த எட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

சவரிமுத்துவும் அவளைப் பார்த்துவிட்டார். பிறகு கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, எட்டுக் கோட்டையும் ஒவ்வொன்றாகத் தானே துடைத்தார்.

"முப்பது வருசத்துல கணக்க அழிச்சது இதுதான் மொத தடவ. எனக்கும் ஒரு செபம் சொல்லிடு தாயி."

ஆண்டவர் கூப்பிடுவது ஓர் ஆளைத்தான், அந்த ஓர் ஆளுக்காகக் கதவு தூக்க நாலு பேர் வேண்டியிருக்கிறது என்பதுதான் இந்த வேலையில் நான் கண்டது.