பிரேக்கம்மா வாங்கிய புகையடுப்பு

பிரேக்கம்மாவுக்குக் கற்றுக்குட்டிகளைக் கண்டாலே ஆகாது. ஆனால் அவளுக்குச் சோறு போட்டதெல்லாம் கற்றுக்குட்டிகள்தான். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் வேலை. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் தனியாக ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, பாதி வாழ்க்கையை அங்கேயே உட்கார்ந்து கழித்தவள். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான் பிரேக்கம்மா. அது அவள் காதுக்கும் எட்டியது. "வெச்சவனுக்கு பிரேக் எதுன்னாவது தெரிஞ்சிருக்கே, சந்தோஷம்," என்றாள்.

கியர் போடும்போது குனிந்து பார்ப்பவனிடம், "கீழ என்ன தேடறீங்க, காசு விழுந்திருச்சா?" என்பாள். மேட்டில் வண்டியை அணைத்துவிட்டுத் திருதிருவென்று விழிப்பவளிடம், "தூங்க வெச்சுட்டீங்க, தாலாட்டும் பாடிருங்களேன்," என்பாள். அழுதுகொண்டே இறங்கிப் போனவர்கள் உண்டு. அவர்களுக்காக அவள் வருந்தியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வீட்டுக்காரருக்கும் ஒருமுறை அவளே கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். அவர் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவர், வருகிறவர்களின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாளெல்லாம் கேட்டு, பொறுமையிலேயே ஊறிப்போன மனிதர். அப்படிப்பட்டவரே நாற்சந்தியில் காரை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து, வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குப் பஸ்தான்.

மாடி வீட்டிலிருந்து அவர்கள் தரைவீட்டுக்குக் குடிவந்தபோது பின்னால் கொஞ்சம் புல்தரையும் ஒரு மதிலும் கிடைத்தன. அதற்குச் சில வாரம் முன்பு, கூட வேலை பார்த்த ஒருவரின் ஓய்வு விருந்தில், புகையில் மெதுவாக வெந்த கோழி ஒன்றைப் பிரேக்கம்மா சாப்பிட்டிருந்தாள். ஒரு வாய் வைத்தவள் அப்படியே பேச்சை நிறுத்திவிட்டாள். மற்றவர்கள் அவளுக்கு உடம்புக்கு என்னவோ என்று பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள். புது வீட்டின் பின்வாசலில் நின்று புல்லைப் பார்த்ததும் அந்த ருசி நாக்கில் திரும்பி வந்தது.

"இங்க ஒரு கிரில் வாங்கிப் போடணும். புகை போடற மாதிரி," என்றாள்.

இது தம்பி காதில் விழுந்ததுதான் வினை. தம்பி இன்சூரன்ஸ் ஏஜென்ட். எதிராளி மூச்சு வாங்கும் இடைவெளியில்கூட ஒரு பாலிசியை நுழைத்துவிடுவான். அவன் வீட்டுக் கொல்லையில் ஆறு பர்னர் வைத்த கேஸ் கிரில் ஒன்று, கப்பல் கரை தட்டியதுபோல நிற்கிறது. மூடிக்குள் விளக்கு எரியும், பக்கவாட்டில் பாட்டில் திறக்கலாம், கீழே சக்கரம் உருளும். சமைப்பது ஒன்றைத் தவிர எல்லாம் செய்யும். அதில் அவன் சுடும் கோழி வெளியே செருப்பாகவும் உள்ளே பச்சையாகவும் இருக்கும். அவன் வீட்டு விருந்துக்குப் போகிறவர்கள் வயிற்றுக்கு எதையாவது போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

"அக்கா, நீ தனியா போனா தலைல எதையாவது கட்டிருவாங்க. உனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. நான் வரேன்," என்றான்.

"உன் கோழியச் சாப்பிட்டவங்க யாரும் உனக்குத் தெரியும்னு சொல்ல மாட்டாங்கடா," என்றாள் அவள். ஆனாலும் அவன் வந்தான். அவனைத் தடுக்க ஒரு பிரேக்கும் கிடையாது.

கடை ஊருக்கு வெளியே, கிடங்கு மாதிரி பெரிதாக இருந்தது. வரிசையாகக் கிரில்கள், ஒவ்வொன்றும் கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோலப் பளபளத்தன. விற்பனையாளன் மார்பில் சமையல் ஏப்ரன் கட்டியிருந்தான். அதில் ஒரு கறைகூட இல்லை என்பதைப் பிரேக்கம்மா உள்ளே நுழைந்ததுமே கவனித்துவிட்டாள். அவன் அவளைத் தாண்டி, கூட வந்திருந்த அவள் வீட்டுக்காரரிடம் போனான்.

"சார் எத்தனை பேருக்குச் சமைப்பீங்க?"

"நான் சாப்பிடறதோட சரி. அவங்களைக் கேளுங்க," என்றார் அவர்.

அவன் அவளைக் கேட்கவில்லை. தம்பியைக் கேட்டான். தம்பி பர்னர் பற்றி ஆரம்பித்தான். இருவரும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிக்கொண்டு, நெருப்பையே நேரில் பார்த்திராத இரண்டு பேர்போல வெப்பத்தைப் பற்றி வாதாடினார்கள். அடுத்து விற்பனையாளன் மரத்தூள் உருண்டைகளைத் தானே போட்டு எரித்துக்கொள்ளும் ஒரு பெட்டியைக் காட்டினான்.

"இதைப் போன்லயே பாத்துக்கலாம் மேடம். நீங்க உள்ள சோபால உக்காந்திருந்தா போதும். சூடு ஏறுனா இறங்குனா போன் சொல்லும்."

"அப்ப சமைக்கறது யாரு? போனா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கடைக்கோடியில், சுவரோரமாக, பெரிய பூசணிக்காயை நடுவில் வெட்டி மூன்று கால் வைத்ததுபோல ஓர் உருண்டை அடுப்பு இருந்தது. மேலே மூடி, மூடியில் காற்றுக்கு ஒரு துளை, அடியில் ஒரு துளை. வேறு ஒன்றும் இல்லை. அதன் முன்னால் அவள் நின்றாள். மூடியைத் தூக்கி வைத்தாள். சரியாக உட்கார்ந்தது. துளையைத் திறந்தாள், மூடினாள். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

"அது எதுக்கு மேடம்?" என்றான் விற்பனையாளன் தூரத்திலிருந்தே. "அது சும்மா பிகினருக்கு."

பிகினர்! அந்த ஒரு சொல்லை அவள் நாளுக்கு நூறு தடவை மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள், சொல்லியும் இருக்கிறாள். தன்னைப் பார்த்து ஒருவன் சொன்னது இதுதான் முதல் தடவை. காது மடல் சூடானது. மூடிமேலிருந்த கையைச் சனியனைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டு, கண்ணில் பட்டதிலேயே நீளமான ஒன்றைக் காட்டினாள். படுக்கவைத்த பீப்பாய், பக்கத்தில் விறகு எரிக்கத் தனிப்பெட்டி, ரயில் எஞ்சின் மாதிரி ஒரு புகைபோக்கி.

"அது தேர்ந்த கைக்கானது மேடம். நிறைய பழகணும்."

"அதத்தான் குடுங்க."

வீட்டுக்காரர் குனிந்து அதன் மூடியைத் தட்டிப் பார்த்தார். தகரம் அப்பளம்போல இருந்தது. மூடிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் போய்வந்தது. "இதுவா, அதுவா?" என்று உருண்டையைக் காட்டி மெதுவாகக் கேட்டார்.

"உங்க கடை இல்ல இது," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பத்தோடு வந்தான். வராவிட்டால்தான் அதிசயம். நாற்காலியை நல்ல காட்சி தெரியும்படி இழுத்துப் போட்டுக்கொண்டான். பிரேக்கம்மா பெட்டியில் விறகை அடுக்கி, மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் ஏதோ திரவத்தைத் தாராளமாக ஊற்றிப் பற்றவைத்தாள். பீப்பாயில் முழுக் கோழியை வைத்து மூடினாள். உடனே எல்லா இடுக்குகளிலிருந்தும் புகை கிளம்பியது, புகைபோக்கி ஒன்றைத் தவிர. கெட்டியான வெள்ளைப் புகை, ஈரத்துணி எரிந்ததுபோல.

அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். சூடு இறங்கிவிட்டது என்று விறகைத் திணித்தாள். சூடு ஏறிவிட்டது என்று மூடியைத் திறந்தாள். ஒவ்வொரு தடவையும் குனிந்து கோழியைப் பார்த்தாள். கோழியும் அவளைப் பார்த்தது.

"உள்ள என்னக்கா தேடற?" என்றான் தம்பி நாற்காலியிலிருந்து. "காசு விழுந்திருச்சா?"

அவனும் அவளிடம் கார் கற்றுக்கொண்டவன்தான். இத்தனை வருஷம் அந்த வாக்கியத்தை வட்டியோடு சேர்த்து வைத்திருந்திருக்கிறான். அவன் மனைவி குனிந்து சிரிப்பை அடக்கினாள். பிரேக்கம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை.

மாலையில் வெளியே எடுத்தது கோழி என்று தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் கோழி. தோல் தார் பூசியதுபோல இருந்தது. ஒரு துண்டு வாயில் போட்ட வீட்டுக்காரர் நெடுநேரம் மென்றார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. தம்பி நேராகவே துப்பினான்.

"அக்கா, கரிய எடுத்துட்டு கோழிய உள்ள விட்டுட்டியா? மாத்தி எடுத்துட்ட போல."

அவள் தட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்துவிட்டுச் சமையலறையில் நின்றாள். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொல்லப்போறியாடி?' என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அடுப்பும் கோணல்தான், அது வேறு விஷயம். கோணலென்று கண்ணால் பார்த்தும் வாங்கியவள் யார்? ஒரு சொல் சுட்டதென்று, ஓட்டை வண்டியை விலைக்கு வாங்கிய மடச்சி யார்? மாணவர்களுக்கு வைத்திருந்த வசவுகளில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் தனக்கே கொடுத்துக்கொண்டாள். அதிலும் ஒரு நேர்மை இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

தம்பி போகும்போது, "இத எங்கிட்ட குடு. எப்படிச் செய்யணும்னு நான் காட்டறேன்," என்றான். அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். கப்பலுக்குப் பக்கத்தில் இப்போது ரயில் எஞ்சினும் நிற்கிறது. தம்பி அதை ஒரே ஒரு முறை பற்றவைத்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். அதற்கப்புறம் அவன் மனைவி அந்த விறகுப்பெட்டியில் துணிக் கவ்விகளைப் போட்டு வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் உருப்படியாகப் பயன்படும் அடுப்பு அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் பிரேக்கம்மா தனியாகக் கடைக்குப் போனாள். அதே ஏப்ரன், அதே சுத்தம்.

"பிகினருக்கு ஒண்ணு குடுங்க," என்றாள்.

"யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான். வேற யாரும் வந்திருக்காங்களா?"

உருண்டை அடுப்பு வந்தது. கூடவே துளை போட்ட தகரக் குவளை ஒன்றும் வாங்கினாள். அடியில் காகிதத்தைக் கொளுத்தினால் மேலே உள்ள கரி தானே பற்றிக்கொள்ளும். நாற்றம் பிடித்த திரவம் தேவையில்லை. இறைச்சியில் குத்திச் சூடு பார்க்க ஒரு கம்பியும் வாங்கினாள். சில அடுப்புகளின் மூடியில் பதித்திருக்கும் சூட்டுமானியின் முள்கூடக் காற்றின் சூட்டைத்தான் காட்டும், கறி வெந்ததா என்று சொல்லாது என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தாள். ஆம், படித்தாள். புத்தகம் படித்துவிட்டு வண்டி ஓட்ட வருகிறவர்களை அவள் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறாள் என்பதை இங்கே எழுதினால் மரியாதையாக இருக்காது.

முழுக் கோழிக்கு உடனே போகவில்லை. முதலில் உருளைக்கிழங்கு, அப்புறம் மக்காச்சோளம், அப்புறம் கோழிக்கால். கரியெல்லாம் ஒரு பக்கம், உணவு மறுபக்கம். கரிமேல் காய்ந்த மரத்துண்டு ஒன்றே ஒன்று. மூடியின் துளை உணவுக்கு நேர் மேலே. மற்ற வேலையைப் புகையே பார்த்துக்கொள்ளும். சொல்லச் சுலபம். மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் உயிர் போகிற வேலையாக இருந்தது. அவள் புல்தரையில் முக்காலியைப் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வலதுகால் மட்டும் மண்ணை அமுக்கிக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் இன்னொரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பேச எவ்வளவோ இருந்திருக்கும்.

"திறந்து பாக்கட்டுமா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"உன் இஷ்டம்," என்றார்.

அவள் திறக்கவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் துளையிலிருந்து வந்த புகை மெலிந்து, நீலம் பாரித்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போனது. கோழிக்கால்கள் செம்புநிறமாக இருந்தன. ஒன்று மட்டும் ஓரத்தில் கருகியிருந்தது. அதை அவள் தன் தட்டில் போட்டுக்கொண்டு, எலும்பு வரைக்கும் தின்றாள்.

கை படிந்த பிறகுதான் தம்பியைக் கூப்பிட்டாள். முழுக் கோழி. அவன் வந்ததும் அடுப்பைப் பார்த்து, "இவ்வளவுதானா? என்னோடதுல பாதிகூட இல்லியே," என்றான். அப்புறம் சாப்பிட ஆரம்பித்தான். அவ்வளவுதான், மேசையில் சத்தமே இல்லை. இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன் அத்தனை நேரம் வாயை வேறு வேலைக்குப் பயன்படுத்தியதை அந்தக் குடும்பம் அதற்கு முன் பார்த்ததில்லை.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றான் கடைசியில், விரலை நக்கிக்கொண்டே.

"ஆமா, கம்மிதான்," என்றாள் பிரேக்கம்மா. உண்மையிலேயே கம்மிதான். "இன்னொரு துண்டு வைக்கட்டா, இல்ல உப்பு இல்லாதது வேணாமா?"

அவன் தட்டை நீட்டினான். அவள் அவனுக்குக் கழுத்துப் பக்கமாகப் பார்த்து வைத்தாள்.

தானே கற்றுக்குட்டியாக நின்று அடிபட்டவள், அதன்பிறகு மாணவர்களிடம் கனிந்துவிட்டாள் என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். திங்கட்கிழமை காலை வந்தவர் ஒரு வங்கி மேலாளர். கார் ஓட்டுவது பற்றி இணையத்தில் இருக்கும் வீடியோவையெல்லாம் பார்த்துவிட்டதாகவும், அடிப்படையெல்லாம் வேண்டாம், நேராகப் பெரிய சாலைக்கே போகலாம் என்றும் சொன்னார். பிரேக்கம்மா பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

"தாராளமா போலாம் சார்," என்றாள். "மொதல்ல சாவிய எங்க போடறதுன்னு வீடியோல காட்டினாங்களா?"

அவர் அழவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை வரவில்லை.